கண்டதும் காணாததும்
(பியர் சோனராவின் வாழ்க்கை)

இறுதியாண்டு, சிவில் பிரிவு



ஆண்டு மலருக்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை எழுதிக் கொடு என்று நம் சங்கத் தோழர்கள் கேட்டார்கள். எடிசன், விஸ்வேஸ்வரய்யா, சர் சி.வி.ராமன் என்று எல்லோரையும் நமக்கு முன்னால் படித்த அண்ணன்மார்கள் எழுதி முடித்துவிட்டார்கள். மிச்சம் யார் இருக்கிறார்கள் என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தபோதுதான் நம்ம ஊர்ப் பக்கம் வந்து போன ஒருவரின் நினைவு வந்தது. அவர் பிரெஞ்சுக்காரர். பிறந்து இருநூற்று எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. படம் வரைபவர், இயற்கை ஆராய்ச்சியாளர், சரியான ஊர்சுற்றி. உலகத்துக்கு நம் நாட்டைப் பற்றி நல்ல உண்மைகளைச் சொன்னவர். கூடவே ஒரு பெரிய பொய்யும் சொன்னவர். பெயர் பியர் சோனரா.

திண்டிவனத்திலிருந்து பாண்டிச்சேரி பக்கம் போகும்போது, மயிலம் தாண்டி உள்ளே பிரிந்து போனால் திருவக்கரை. பௌர்ணமி இரவுகளில் வக்கிரகாளியம்மன் கோயிலுக்குக் கூட்டம் கூட்டமாக பஸ் ஏறிப் போவோமே, அதே ஊர்தான். கோயிலிலிருந்து ஒரு கிலோமீட்டர் கிழக்கே நடந்தால் செம்மண் மேட்டில் பெரிய பெரிய மரங்கள் விழுந்து கிடக்கும். கிட்டே போய்த் தட்டிப் பார்த்தால் மரம் இல்லை, கல்! பட்டை தெரிகிறது, வளையம் தெரிகிறது, கிளை ஒடிந்த கணு தெரிகிறது. ஆனால் கல். சின்ன வயதில் என் ஆயா அதைக் காட்டி, அம்மன் காலத்தில் மாண்டுபோன அசுரனின் எலும்புடா அது என்று சொல்லும். பயந்துகொண்டே தொட்டுப் பார்ப்பேன்.

இந்தக் கல்மரங்களை முதன்முதலில் எழுத்தில் பதிவு செய்த ஐரோப்பியர் சோனராதான் என்றும், ஆண்டு 1781 என்றும் அந்தப் பூங்காவின் வரலாறு சொல்கிறது. யார் இந்த மனிதர், பிரான்சை விட்டு நம்ம செம்மண் மேட்டுக்கு எதற்கு வந்தார் என்று தேடிப் படித்தேன். படித்ததில் எனக்கே ஒரு சூடு விழுந்தது. அதையும் சொல்கிறேன்.

லியோன் நகரத்துப் பையன்

1748 ஆகஸ்ட் 18. பிரான்சு நாட்டின் லியோன் நகரத்தில் சோனரா பிறந்தார். பட்டு நெசவுக்குப் பேர்போன ஊர் அது. நம்ம காஞ்சிபுரம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். பூவும் கொடியும் இலையும் பட்டில் ஏற வேண்டுமென்றால் முதலில் அதை யாராவது காகிதத்தில் வரைய வேண்டும். அதனால் படம் வரையும் கைக்கு அந்த ஊரில் நல்ல மதிப்பு இருந்தது.

அதே லியோனில் பிறந்த இன்னொரு பெரிய ஆள் பியர் புவாவர். சோனராவின் குடும்பத்துக்கு வேண்டியவர். இன்று மொரீஷியஸ் என்று சொல்கிறோமே, அந்தத் தீவு அப்போது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. புவாவர் அங்கே 1767 முதல் 1772 வரை நிர்வாகியாக இருந்தார். அவருக்கு ஒரே கனவு: ஜாதிக்காயும் கிராம்பும். அந்த இரண்டும் விளைந்த தீவுகளை டச்சுக்காரர்கள் பூட்டி வைத்துக் காசு பார்த்துக்கொண்டிருந்தார்கள். எப்படியாவது நாற்றைக் கொண்டுவந்து தம் தீவில் நட்டுவிட வேண்டும் என்று துடித்தார் புவாவர். அவரிடம் வேலைக்குச் சேர 1768-ல் கப்பலேறியபோது சோனராவுக்கு வயது இருபது. கிட்டத்தட்ட நம்ம வயசு.

தீவில் அவருக்கு ஒரு குரு கிடைத்தார். கமெர்சோன் என்ற தாவரவியலாளர். உலகத்தைச் சுற்றி வந்த பூகேன்வில் கப்பலில் வந்து அந்தத் தீவிலேயே தங்கிவிட்டவர். செடியைப் பறித்ததும் வாடுவதற்குள் வரைவது எப்படி, பறவையைப் பதம் செய்து வைப்பது எப்படி, எதை எங்கே எப்போது எடுத்தோம் என்று குறிப்பது எப்படி என்பதையெல்லாம் அந்த மனிதரிடம் இருந்துதான் சோனரா கற்றுக்கொண்டார். பட்டம் கிடையாது, சர்டிபிகேட் கிடையாது. கூடவே இருந்து, பார்த்து, கையால் செய்து கற்ற பாடம். நம்ம பிராக்டிகல் கிளாஸ் மாதிரிதான்.

பொய் பிறந்த கதை

1771-ல் புவாவர் அனுப்பிய வாசனைப் பயிர்த் தேட்டக் கப்பலில் சோனராவும் போனார். பிலிப்பைன்ஸ் தீவுகள், மொலுக்காஸ் பக்கத்துச் சிறு தீவுகள் என்று சுற்றி, 1772-ல் ஜாதிக்காய், கிராம்பு நாற்றுகளோடு கப்பல்கள் திரும்பின. அதுவே பெரிய சாதனை. அத்தோடு விட்டிருக்கலாம்.

ஆனால் 1776-ல் பாரிசில் வெளியான சோனராவின் முதல் புத்தகத்தின் தலைப்பே நியூகினிப் பயணம் என்று வந்தது. நூற்று இருபது படங்கள். பறவைகள், செடிகள், மனிதர்கள். ஊரே கொண்டாடியது. சிக்கல் என்னவென்றால், அந்தக் கப்பல் நியூகினிக்குப் போகவே இல்லை. கேபே என்ற தீவோடு திரும்பிவிட்டது. அங்கிருந்து நியூகினி இன்னும் கிழக்கே.

புத்தகத்தில் நியூகினிப் பறவைகள் என்று அவர் போட்டவற்றில் பென்குயின்கள் இருந்தன. பனிக்கடல் பறவை, பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் வெயில் காயும் தீவில் எப்படி இருக்கும்? அப்புறம் கூக்கபரா. மனிதன் சிரிப்பது போலக் கத்தும் ஆஸ்திரேலிய மீன்கொத்தி அது. நியூகினியில் அந்த இனம் கிடையாது. எங்கேயோ யாரிடமோ கிடைத்த பறவைகளைத் தாமே அங்கே போய்ப் பார்த்தது போல எழுதிவிட்டார்.

விளைவு என்ன தெரியுமா? அவரை நம்பி, விஞ்ஞானிகள் அந்தப் பறவைகளுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். ஜென்டூ பென்குயினுக்கு 1781-ல் வைத்த விஞ்ஞானப் பெயரில் பாப்புவா என்ற சொல் ஏறிக்கொண்டது. பாப்புவா என்றால் நியூகினி. கூக்கபராவுக்கு 1783-ல் வைத்த பெயரில் நோவேகினியே என்று நியூகினியே ஒட்டிக்கொண்டது. முதலில் வைத்த பெயரை மாற்றக்கூடாது என்பது விஞ்ஞானிகள் வகுத்த விதி. அதனால் இன்றைக்கும், அவர் செத்து இருநூறு ஆண்டு தாண்டியும், உலகத்துப் பாடப்புத்தகங்களில் எல்லாம் அந்த இரண்டு பொய்களும் உட்கார்ந்திருக்கின்றன. தப்பு என்று எல்லோருக்கும் தெரியும். அழிக்கத்தான் முடியவில்லை.

இதைப் படித்தபோதுதான் எனக்குச் சூடு விழுந்தது என்றேன். இரண்டாம் ஆண்டு சர்வே பிராக்டிகல். பெஞ்ச் மார்க்கில் ஆரம்பித்து, டம்பி லெவலைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி, திரும்ப அதே பெஞ்ச் மார்க்கில் வந்து முடிக்க வேண்டும். மத்தியான வெயில் மண்டையைப் பிளந்தது. கடைசி மூன்று ஸ்டேஷனுக்கு நாங்கள் போகவில்லை. புளியமரத்தடியில் உட்கார்ந்து, முதலும் முடிவும் ஒத்துவருகிற மாதிரி ரீடிங்கை நானே எழுதினேன். குளோசிங் எரர் சுத்தமாகப் பூஜ்யம். பெருமையாக நீட்டினேன். ஆசிரியர் நோட்டைப் பார்த்தார், எங்கள் முகத்தைப் பார்த்தார். ஐந்தாறு மில்லிமீட்டர் பிசகியிருந்தால் நம்பியிருப்பேன், பூஜ்யம் வந்ததால்தான் சந்தேகம் என்றார். மறுநாள் முதலிலிருந்து மொத்தத்தையும் செய்ய வைத்தார். அன்றைக்கு அவர் மேல் எங்களுக்குக் கோபம்தான். மூன்று ரீடிங்குக்கு இவ்வளவா என்று.

நம்ம பக்கம் வந்தார்

சோனரா அடுத்த பயணம் கிளம்பியது 1774-ல். இந்தமுறை அரசாங்கத்தின் ஆதரவோடு இந்தியா, இலங்கை, மலாக்கா, சீனா என்று 1781 வரை சுற்றினார். அவருடைய வாழ்க்கையிலேயே பெரிய வேலை இதுதான். அதில் பெரும் பங்கு நம்ம சோழமண்டலக் கரை.

அப்போது இந்தப் பகுதி எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். 1760-ல் வந்தவாசிச் சண்டை. 1761-ல் பாண்டிச்சேரியை ஆங்கிலேயர் பிடித்து இடித்துத் தரைமட்டம் ஆக்கினார்கள். அதே ஆண்டு செஞ்சிக்கோட்டையும் பிரெஞ்சுக்காரர் கையை விட்டுப் போனது. சில ஆண்டு கழித்துப் பாண்டிச்சேரி திரும்பக் கிடைத்து மறுபடி கட்டிக்கொண்டிருந்த காலத்தில் சோனரா வந்தார். அவர் பயணம் முடிவதற்குள்ளேயே, 1778-ல், மறுபடியும் முற்றுகை, மறுபடியும் ஆங்கிலேயர் கையில். 1780-ல் ஹைதர் அலியின் படை கர்நாடகச் சீமைக்குள் இறங்கியது. பீரங்கிச் சத்தம் ஓயாத காலம். அந்த நேரத்தில் ஒரு மனிதர் நோட்டும் பென்சிலுமாக, தேர்த் திருவிழாவையும் தறியையும் காட்டுக்கோழியையும் வரைந்துகொண்டிருந்தார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

1782-ல் பாரிசில் புத்தகம் வந்தது. கிழக்கிந்தியாவுக்கும் சீனாவுக்கும் பயணம் என்று பெயர். இரண்டு பெரிய தொகுதிகள், 140 படங்கள். அடுத்த ஆண்டே ஜெர்மன் மொழியிலும் வந்துவிட்டது.

அதில் என்ன இருக்கிறது? நம்ம தெய்வங்கள், விஷ்ணுவின் அவதாரங்கள், திருவிழாக்கள், பொங்கல், சாதி வழக்கங்கள், தொழில்கள், கருவிகள், மரம் செடி, பறவை விலங்கு. இதில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. பிள்ளையாரை அவர் பிரெஞ்சில் எழுதியிருப்பது பொல்லேயார் என்று படிக்கிற மாதிரி. சுப்பிரமணியரைச் சுப்ரமணியே. அதாவது சமஸ்கிருதப் புத்தகத்தைப் பார்த்து எழுதவில்லை. தமிழ் பேசுகிறவர்கள் வாயால் சொன்னதைக் காதால் கேட்டு எழுதியிருக்கிறார். பெயர் தெரியாத நம்ம ஊர்க்காரர் எத்தனை பேர் திண்ணையில் உட்கார்ந்து அந்த வெள்ளைக்காரருக்குப் பொறுமையாகக் கதை சொல்லியிருப்பார்களோ!

செப்புத் தகட்டில் நம்ம சாமி

நாம் டிராயிங் ஹாலில் மினி டிராஃப்டரோடு மல்லுக்கட்டுகிறவர்கள் ஆயிற்றே, அந்தப் படங்கள் எப்படி அச்சானது என்று தெரிந்துகொள்வது நல்லது.

அப்போது போட்டோ இல்லை, பிளாக் இல்லை. சோனரா வரைந்த படத்தைப் பாரிசில் புவாசோன் முதலிய செதுக்குக்காரர்கள் செப்புத் தகட்டில் வெட்டினார்கள். கூர்மையான எஃகு உளியால் கோடு கோடாகச் செம்பைச் சுரண்டி எடுக்க வேண்டும். தகடு முழுக்க மையைப் பூசி, பிறகு மேற்பரப்பை நன்றாகத் துடைத்துவிட்டால் பள்ளத்தில் மட்டும் மை தங்கும். ஈரப்படுத்திய காகிதத்தை அதன்மேல் வைத்து உருளைகளுக்கு நடுவே அழுத்தினால் காகிதம் பள்ளத்துக்குள் இறங்கி மையை உறிஞ்சிக்கொண்டு வரும். நிழல் வேண்டுமா, கோட்டை நெருக்கமாகப் போடு. இன்னும் இருட்டு வேண்டுமா, குறுக்கே இன்னொரு வரிசைக் கோடு. நாம் செக்ஷன் காட்ட ஹாட்சிங் போடுகிறோமே, அதுக்கு இது தாத்தா.

இதில் ஒரு பெரிய சங்கடம் இருக்கிறது. தகட்டில் உள்ளது காகிதத்தில் இடம் வலமாக மாறி விழும், ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி. ஆகவே செதுக்குகிறவர் படத்தைத் தலைகீழ்க் கண்ணாடி உருவமாக வெட்ட வேண்டும். மரம், வீடு என்றால் மாறினால் பரவாயில்லை. சாமி படம் அப்படியா? எந்தக் கையில் சங்கு, எந்தக் கையில் சக்கரம், பிள்ளையாரின் எந்தத் தந்தம் ஒடிந்தது என்பதெல்லாம் கணக்கு. பாரிசில் உட்கார்ந்திருந்த செதுக்குக்காரருக்குச் சங்கும் தெரியாது, சக்கரமும் தெரியாது. வரைந்து கொடுத்தவர் சரியாகக் குறித்துக் கொடுத்தால்தான் சரியாக வரும்.

இன்னொன்று. சோனராவுக்கு முந்திய இருநூறு முந்நூறு ஆண்டுகளில் ஐரோப்பியர் பலர் நம் தெய்வங்களைக் கொம்பும் கோரைப்பல்லுமாகப் பேய் போலவே வரைந்து வைத்திருந்தார்கள். பார்க்காமல், கேட்டதை வைத்து, பயத்தில் வரைந்தது. சோனராவின் படங்களில் அந்தப் பேய் இல்லை. கை எத்தனை, ஆயுதம் எது, வாகனம் எது என்று கணக்காக இருக்கும். உடம்பின் தசைத் திரட்சி, நிழல், நிற்கும் தோரணை என்று பார்த்தால் கொஞ்சம் பிரெஞ்சுச் சிலை மாதிரி இருக்கும். நம்ம சிற்பி வடித்த குழைவு அதில் வராது. கை பழகிய பழக்கம் அப்படி. பாதி அவர்கள் ஊர், பாதி நம்ம ஊர்.

அந்தக் காலத்தில் பாண்டிச்சேரி, தஞ்சாவூர் பக்கங்களில் உள்ளூர் ஓவியர்கள் ஐரோப்பியருக்காகவே தெய்வப் படத் தொகுப்புகளும் தொழில், சாதிப் படத் தொகுப்புகளும் எழுதிக் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட தொகுப்புகள் இன்றும் பாரிஸ், லண்டன் நூலகங்களில் இருக்கின்றன. ஐரோப்பியரிடம் இருந்து நிழல்-வெளிச்சத்தை நம் ஓவியர் எடுத்துக்கொண்டார்கள். நம் ஓவியரிடம் இருந்து தெய்வ லட்சணத்தை ஐரோப்பியர் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் புத்தகத்தில் பெயர் வந்தது ஒரு பக்கத்துக்கு மட்டும்தான். நம்ம பக்கத்து ஓவியர் பெயர்களில் பெரும்பாலானவை காற்றோடு போய்விட்டன.

துணியும் தறியும்

சோனரா நம் தொழில்களுக்குத் தனி இடம் கொடுத்தார். ஏன் என்றால் பிரான்சுக்கு அது வயிற்றுப்பாட்டு விஷயம். சாயவேரில் சிவப்பும் அவுரியில் நீலமும் ஏற்றிய நம் கரைத் துணிக்கு ஐரோப்பாவில் அப்படி ஒரு கிராக்கி. எழுதிச் சாயம் போட்ட பூந்துணியைத் துவைத்தாலும் சாயம் போகாது. அவர்கள் ஊர்த் துணிக்கு அந்தத் திறமை இல்லை. தம் நெசவாளர் பிழைப்பு கெடுகிறது என்று பிரெஞ்சு அரசு 1686-ல் இந்தியப் பூந்துணியையும் அதைப் போல அச்சடிப்பதையும் தடை செய்தது. தடை 1759 வரை நீடித்தது. தடை போனதும் 1760-ல் ஓபர்காம்ப் என்பவர் பாரிசுக்குப் பக்கத்தில் ழூயி என்ற ஊரில் அச்சுத்துணி ஆலை தொடங்கினார். அந்த மாதிரித் துணிக்கு அவர்கள் வைத்த பெயரே இந்தியத் துணி என்றுதான். நம் கைவண்ணத்தைப் பார்த்து அவர்கள் ஆலை வைத்தார்கள். பிறகு ஆலைத்துணியே இங்கே வந்து நம் தறியைச் சாய்த்தது. அது தனிக்கதை.

அந்த நேரத்தில் ஒரு நெசவாளி எந்தக் கருவியை வைத்துக்கொண்டு எப்படி உட்கார்ந்து வேலை செய்தார் என்பதை ஒரு வெளியூர்க்காரர் படமாகப் போட்டு வைத்தது நமக்கு லாபம்தான். கருவி குறைவு, கை நேர்த்தி அதிகம் என்பதை அவர் கவனித்தார். இன்றைக்கு வொர்க்ஷாப்பில் நாம் லேத்தின் முன்னால் நின்று, மெஷின் சரியில்லை சார் என்று சாக்குச் சொல்லும்போது அந்தக் கைகளை நினைத்துக்கொள்ளலாம்.

போலி வேதத்தைப் பிடித்தவர்

இனி வருவதுதான் சோனராவின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

அப்போது ஐரோப்பாவில் எசூர்வேதம் என்று ஒரு நூல் பரபரப்பாக இருந்தது. இந்தியாவின் பழைய வேதம், பிரெஞ்சில் மொழிபெயர்த்தது என்று சொன்னார்கள். மகா மேதை வால்டேர் அதை நம்பி, 1761-ல் அரசரின் நூலகத்துக்கே கொடுத்தார். 1778-ல் அது அச்சாகியும் வந்தது. பெரிய பெரிய படிப்பாளிகள் அதை வைத்து வாதம் செய்தார்கள்.

சோனரா தம்முடைய 1782 புத்தகத்தில் அதைப் போட்டு உடைத்தார். இது வேதமே இல்லை, மதம் பரப்ப வந்த பாதிரியார் ஒருவர் வேதம் என்ற போர்வையில் எழுதிய வாதநூல் என்று பகிரங்கமாகச் சொன்னார். வால்டேர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. சோனரா வந்திருந்தார், மக்களோடு பழகியிருந்தார், அவர்கள் எதை நம்புகிறார்கள் என்று காதால் கேட்டிருந்தார். அதனால் போலி எது என்று மூக்கிலேயே தெரிந்துவிட்டது.

பாருங்கள் நண்பர்களே, போகாத நாட்டுக்குப் போனதாகப் புத்தகம் போட்டவரும் இவர்தான். எல்லோரும் நம்பிய போலியை உடைத்தவரும் இவர்தான். ஒரே மனிதர், ஆறு ஆண்டு இடைவெளி. நடுவில் என்ன மாற்றம்? என் சின்ன புத்திக்குத் தெரிந்தது ஒன்றுதான். இங்கே அவர் நேரில் நின்று பார்த்தார். பார்த்தவனுக்கு வரும் தைரியம் பார்க்காதவனுக்கு வராது.

கல்மரமும் காட்டுக்கோழியும்

திருவக்கரைக் கல்மரத்தையும் அவர் அப்படித்தான் பதிவு செய்தார். அவை ஏன் கல்லாயின என்பதை முழுதாகச் சொல்லும் அளவுக்கு அன்றைக்குப் புவியியலே வளரவில்லை. இன்றைக்கு நமக்குத் தெரியும்: சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் அடித்து வந்த மரங்கள் மணலிலும் வண்டலிலும் புதைந்தன. காற்றுப் படாததால் மக்கவில்லை. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிகா மரத்தின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் புகுந்து மெல்ல மெல்ல அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. உருவம் மரம், உடம்பு கல். 1940-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அந்த இடத்தைத் தேசியக் கல்மரப் பூங்கா ஆக்கியது. மூன்று மீட்டர் முதல் பதினைந்து மீட்டர் நீளம் வரை சுமார் இருநூறு மரங்கள் அங்கே கிடக்கின்றன.

காட்டுக்கோழிக் கதையும் சுவையானது. நம் மலைக்காடுகளில் சாம்பல் நிறத்தில், கழுத்துச் சிறகில் மெழுகுப் பொட்டு வைத்தாற்போல ஒரு காட்டுச்சேவல் உண்டு. சோனரா அதை வரைந்து, வீட்டுக் கோழிகளின் மூதாதை இதுதான் என்று எழுதினார். 1813-ல் அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். பிறகு டார்வின் வந்து, இல்லை, செந்நிறக் காட்டுக்கோழிதான் மூதாதை என்றார். சோனரா சொன்னது தப்பு என்று புத்தகத்தை மூடிவிட்டார்கள். 2008-ல் மரபணு ஆராய்ச்சி என்ன சொன்னது தெரியுமா? வீட்டுக்கோழியின் காலில் தெரியும் மஞ்சள் தோல் நிறம் சாம்பல் காட்டுக்கோழியிடம் இருந்து வந்தது என்று! முழுக்கச் சரியும் இல்லை, முழுக்கத் தப்பும் இல்லை. இருநூற்றுச் சொச்சம் ஆண்டு கழித்து மனிதருக்குப் பாதி மார்க் கிடைத்தது.

கடலோரச் சதுப்பில் வளரும் ஒரு மரப் பேரினத்துக்குச் சோனரேஷியா என்று பெயர். லிச்சிப் பழத்தின் விஞ்ஞானப் பெயருக்குப் பின்னாலும் அவர் பெயர் நிற்கிறது. அதை முறைப்படி முதலில் விவரித்தவர் அவர்.

கடைசிக் காலம்

புகழ் வந்தது. ஆனால் அவர் பாரிசில் உட்கார்ந்து அனுபவிக்கவில்லை. 1786-ல் மறுபடி இந்தியாவுக்கே வந்தார். ஏனாம் என்ற பிரெஞ்சுக் குடியிருப்பின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். அதற்குள் 1789-ல் பிரான்சில் புரட்சி வெடித்தது. அவரை ஆதரித்த அரசர் தலையே போனது. 1793-ல் பாண்டிச்சேரி திரும்பவும் ஆங்கிலேயர் வசம் விழ, சோனரா போர்க்கைதி ஆனார். ஊர் திரும்ப வழியில்லை. இருபது ஆண்டுகள்!

யோசித்துப் பாருங்கள். அவர் அப்படி மாட்டிக்கொண்டிருந்த காலத்தில்தான் லண்டனில் டேனியல் குடும்பத்து ஓவியர்கள் இருவர், 1792-ல் நம் தமிழ்நாட்டில் சுற்றி வரைந்த மதுரை, தஞ்சாவூர், மாமல்லபுரக் காட்சிகளையெல்லாம் அச்சிட்டுப் பெயர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். நமக்கு முன்னால் போனவர் சோனரா என்று நினைக்க அங்கே யாருக்கு நேரம்?

ஆனாலும் அவர் சும்மா இருக்கவில்லை. பார்த்தார், வரைந்தார், எழுதினார். 1813-ல்தான் பிரான்சுக்குத் திரும்ப முடிந்தது. வயது அறுபத்தைந்து. கையில் ஒரு புதிய பயண நூலின் கையெழுத்துப் பிரதி. அதை அச்சில் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1814 மார்ச் 31-ல் பாரிசில் கண்ணை மூடினார்.

அந்தக் கையெழுத்துப் பிரதி என்ன ஆயிற்று? இரண்டு நூற்றாண்டு தூங்கியது. கடைசியில் 2010-ல் ஆராய்ச்சியாளர்கள் அதைப் பதிப்பித்துப் புத்தகமாகக் கொண்டுவந்தார்கள். எங்கே தெரியுமா? பாண்டிச்சேரியில்! எந்த ஊரில் கைதியாகக் கிடந்தாரோ அந்த ஊரிலேயே அச்சானது.

நாம் எழுதும் ரீடிங்

இந்தக் கட்டுரைக்காகப் போன மாதம் நானும் இரண்டு நண்பர்களும் திருவக்கரைக்குப் போனோம். கல்மரத்தின் மேல் ஆணியால் கீறிய காதலர் பெயர்கள் இருந்தன. சின்னத் துண்டு ஒன்றை என் நண்பன் ஞாபகத்துக்கு என்று சட்டைப் பையில் போட்டான். சத்தம் போட்டுத் திரும்பப் போட வைத்தேன். ஆளுக்கு ஒரு துண்டு எடுத்தால் இரண்டு கோடி ஆண்டு இருந்தது நம் தலைமுறையோடு தீர்ந்துவிடும். அவன் கொஞ்ச தூரம் பேசாமல் வந்தான். பிறகு பஸ்ஸில் வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தான். சமாதானம்.

திரும்பி வரும்போது எனக்கு ஒரே யோசனை. சோனரா நேர்மையாகப் பார்த்து வரைந்தது நிலைத்தது. பார்க்காமல் எழுதியதும் நிலைத்தது. காகிதத்துக்கு உண்மை பொய் தெரியாது. எழுதியதை அப்படியே தூக்கிக்கொண்டு போகும். பென்குயின் பெயரில் ஒட்டிய பொய்யால் யாருக்கும் கை கால் போகவில்லை. ஆனால் நாம்? டிப்ளமோ முடித்து நாளைக்கு சைட்டில் நிற்கப் போகிறவர்கள். நாம் எழுதும் லெவலை நம்பித்தான் கால்வாயில் தண்ணீர் ஓடும். நாம் எழுதும் கான்கிரீட் க்யூப் ரிசல்ட்டை நம்பித்தான் ஒரு குடும்பம் அந்தக் கூரைக்குக் கீழே தூங்கும். புளியமரத்தடியில் எழுதிய மூன்று ரீடிங்குக்கு இவ்வளவா என்று அன்றைக்குக் கேட்டேன். ஆமாம், இவ்வளவுதான் என்று இப்போது தெரிகிறது. அந்த ஆசிரியருக்கு இந்தக் கட்டுரை மூலம் என் நன்றி.

ஒருமுறை போய்ப் பாருங்கள் நண்பர்களே. சாமியைக் கும்பிட்டுவிட்டு, ஒரு கிலோமீட்டர் நடந்து, அந்தக் கல்மரத்தில் கையை வையுங்கள். கையோடு ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துப் போனால் இன்னும் நல்லது. துண்டு எடுத்து வர வேண்டாம். பார்த்ததை மட்டும் வரைந்து எடுத்து வாருங்கள்.